உரித்திருக்கக் கூடாத லேபிள்

என் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிடி எழுதும் டிரைவ் வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குப் பக்தி வரும். எனக்கு லேபிள் வந்தது.

வட்டமாக, நடுவில் துளையோடு, பின்னால் பசையோடு இருக்கும் தாள் அது. படமும் எழுத்தும் அச்சடித்து, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு பிளாஸ்டிக் குமிழில் செருகி, சிடியை அதன்மேல் வைத்து அமுக்க வேண்டும். வீட்டில் எழுதிய சிடி, கடையில் வாங்கியது போல ஆகிவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் பகலெல்லாம் அடுத்தவன் கையெழுத்தைச் சரிபார்க்கிற குமாஸ்தாவுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று வெளியாள் யாருக்கும் புரியாது. பாட்டு சிடிக்கு லேபிள் ஒட்டினேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிடிக்கு ஒட்டினேன். காலி சிடிக்கும் ஒட்டி, 'காலி' என்று அழகான எழுத்துருவில் அச்சடித்து வைத்திருந்தேன்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. வீடியோ எடுத்தவரிடம் கேசட்டை வாங்கி நானே மூன்று சிடிகளாக எழுதினேன். முதலாவது மாப்பிள்ளை அழைப்பு, இரண்டாவது தாலிகட்டு, மூன்றாவது பந்தி. லேபிளில் குத்துவிளக்கு, ரோஜா, மணமக்கள் படம், நானே இயற்றிய நாலு வரி வாழ்த்து. கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 'வட்டு வடிவமைப்பு' என்று போட்டு என் புனைபெயரும் தொலைபேசி எண்ணும். இரண்டு செட். ஒன்றை மாப்பிள்ளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மற்றது அக்கா வீட்டில். கேசட்டைத் திரும்ப வாங்கிப்போன வீடியோக்காரர் அதன்மேலேயே ஒரு சடங்கு வீட்டைப் பதிவு செய்துவிட்டார். என் கம்ப்யூட்டரில் இருந்ததை, இடம் போதவில்லை என்று நானே அழித்திருந்தேன்.

புனைபெயர் எதற்கு என்றால், நான் இணையத்தில் ஒரு பெரிய மனிதன். தொலைபேசி வழியே முக்கி முனகி வரும் இணையத்தில் ஒரு தமிழ் மன்றம் இருந்தது. அங்கே விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லாமல் போடுகிறவர்களைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் 'தலைவலிக்கு நல்ல தைலம் எது?' என்று கேட்பார். பத்தாவது நிமிஷம் இன்னொரு புதியவர் வந்து தைலத்தின் பெயர், கிடைக்கும் இடம், தடவியதும் மனைவி சிரித்தது வரைக்கும் சொல்லுவார். நான் பாய்வேன். சேர்ந்த தேதி, எழுதிய பதிவுகள், சந்தேகத்துக்குரிய வாக்கியங்கள் எல்லாவற்றையும் வரிசை போட்டுக் குற்றப்பத்திரிகை வாசிப்பேன். நிர்வாகி ஆளை நீக்குவார். கோவில்பட்டியில் என்னை ரேஷன் கடைக்காரர் கூட அடையாளம் கண்டதில்லை. மன்றத்தில் என் பெயரைப் பார்த்தால் தைலம் நடுங்கும்.

இந்த லேபிள் தாளையே மன்றத்தில் ஒரு மூத்த உறுப்பினர் புகழ்ந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். முந்நூறு பதிவு போட்டவர், மறைந்த தன் தகப்பனாரின் ரேடியோவைப் பற்றி உருக்கமாக எழுதியவர். அவரைச் சந்தேகிக்க முடியுமா? அதே திரியில், அந்த உரையாடலுக்குக் கீழேயே, ஒரு புது ஆள் வந்து, 'கரிசக்காட்டு வெயிலுக்கு இந்த ஸ்டிக்கர் தாங்காது' என்று எழுதினார். பேனாவால் எழுதுவதே நல்லது என்று சொல்லி ஒரு கம்பெனியின் மார்க்கர் பேனாவின் பெயரையும் சொன்னார். தனக்குக் கயத்தாறில் பாட்டுக் கடை என்றும் போட்டிருந்தார்.

நான் சிரித்தேன். கயத்தாறு எனக்குத் தெரியாதா? லாரி நிற்கும், டீ குடிப்பார்கள், லாரி போகும். அங்கே உட்கார்ந்து ஒருத்தன் இணையத்தில் சிடியைப் பற்றி எழுதுகிறானா? சென்னையில் ஏசி அறையில் இருக்கும் பேனாக் கம்பெனிக்காரன், நம்பட்டும் என்று வரைபடத்தில் விரல் வைத்து ஓர் ஊர்ப் பெயரை எடுத்திருக்கிறான். ஒன்பது காரணங்கள் எழுதினேன். ஒன்பதாவது காரணம், 'கயத்தாறு!' என்ற ஒரே சொல். நிர்வாகி நீக்கினார். எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தனுக்கு விவரம் இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆளே நம்பமாட்டான். வெளியூர்க்காரன் யாராவது இருந்திருந்தால் நம்பியிருப்பான்.

அது நடந்தது கார்த்திகையில். சித்திரையில் அக்கா மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, புருஷனிடம் போக விசா நேர்காணல் வந்தது. கல்யாணம் உண்மைதான் என்று காட்ட ஆல்பமும் ஓடுகிற சிடியும் வேண்டும், ஓடாத சிடி கொண்டுபோன ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். மறுநாள் காலை சென்னையில் இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் ரயில். முற்பகல் பதினொரு மணிக்கு அக்கா போன் பண்ணினாள்.

"ஏலே, ஒன் சிடி பிளேயருக்குள்ள கெடந்து கரகரன்னு சத்தம் போடுது. படமே வரல."

ஓடினேன். சிடிகளை டிவி பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். சிமெண்ட் ஷீட் கூரை. மூன்று லேபிளும் வெயிலில் வாடிய இலை மாதிரி ஓரம் கிளம்பி, பசை நூல் நூலாக இழுபட்டது. மருமகள் சிரிக்க முயன்றாள்.

"ஓடிரும்லா மாமா?"

"இதென்ன பெரிய விஷயம்? லேபிள உரிச்சிட்டா ஓடிரும்."

முதல் சிடியின் லேபிளை ஒரே இழுப்பில் உரித்தேன். லகுவாகத்தான் வந்தது. கூடவே சிடியின் வெள்ளிப் பூச்சும் வந்தது. கையில் இருந்தது வெறும் பிளாஸ்டிக் வட்டம். அதன் வழியாக அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"மாப்பிள்ளை அழைப்புதானக்கா போச்சு" என்றேன்.

"பேசாத" என்றாள்.

வீட்டுக்கு ஓடி மன்றத்தில் கேட்டேன். இருபது நிமிஷத்தில் ஒரே ஒரு பதில். அன்றைக்குத்தான் சேர்ந்த ஒருவர், இதே நிலைமையில் ஒரு மென்பொருள் தன் மனைவியின் கண்ணீரைத் துடைத்ததாக எழுதியிருந்தார். வழக்கமாக என்றால் பாய்ந்திருப்பேன். அன்றைக்கு அந்த மனைவி மேல் பொறாமையாக இருந்தது. பழைய லேபிள் திரியைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். நீக்கப்பட்டவரின் பதிவு அங்கேயே கிடந்தது. கடைசி வரியை நான் அப்போது ஒழுங்காகப் படித்திருக்கவில்லை: 'பசை இளகிட்டா உரிச்சிறாதீங்க. உரிச்சா வெள்ளியும் கூட வந்துரும். மெதுவா ஓடுற பழைய டிரைவ்ல போட்டு காப்பி எடுத்திரலாம். முடியாதவங்க நம்ம கடைக்கு வாங்க, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல.' அதற்குக் கீழே என் ஒன்பது காரணங்கள்.

ஒரு மணிக்குப் பஸ் ஏறினேன். தாலிகட்டு சிடி மட்டும் மடியில், ஒரு டப்பாவில். அந்தச் சிடிக்குள்தான் மருமகளின் குடும்ப வாழ்க்கை முழுக்க இருந்தது. வெயில் வலப்பக்கம் விழ ஆரம்பித்ததும் இடப்பக்கம் மாறினேன். ரோட்டு வேலைக்காகப் பஸ்ஸைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்கள், வெயிலும் இடப்பக்கம் வந்தது. மறுபடி மாறினேன்.

"அண்ணாச்சி, மடியில என்ன, முட்டையா?" என்றார் கண்டக்டர். "ஒரு எடத்துல இரிங்க. அடைகாத்த மாதிரியும் ஆச்சு."

திட்டம் எளிது. நான் யாரென்று சொல்லப் போவதில்லை. வழியில் போகிற வாடிக்கையாளன், அவ்வளவுதான். ஊர் நெருங்கும்போது டப்பாவைத் திறந்து பார்த்தேன். லேபிளின் கீழ் ஓரத்தில், பொடி எழுத்தில், என் புனைபெயர் என்னைப் பார்த்தது.

கடை நிஜமாகவே இருந்தது. லாரி டிரைவர்களுக்கான பாட்டு சிடிகள் நூலில் கோத்துத் தொங்கின. ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய சின்ன, சுத்தமான எழுத்து. ஒன்றில்கூட லேபிள் இல்லை. உள்ளே என் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, என்ன வேணும்?"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே பெருவிரலைப் புனைபெயரின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு சிடியை நீட்டினேன். லேபிள் கிளம்பியிருந்த இடமும் அதுவேதான்.

"கைய எடுங்க, பாக்கட்டும்."

எடுக்கப் பார்த்தேன். விரலோடு லேபிளும் வந்தது. லேபிளுக்கு அடியில், ஒட்டியிருந்த இடத்தில், வெள்ளி ஒரு மயிரிழை சுருங்கியது.

"எடுக்க முடியல" என்றேன்.

"அசையாதீங்க. மூச்சு கூட மெதுவா விடுங்க."

அலமாரியிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்து வந்தார். என் விரலுக்கும் பசைக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, ஒரு சினிமா நோட்டீஸின் முனையை உள்ளே விட்டு, புண்ணிலிருந்து துணி எடுக்கிற மாதிரி என் விரலைப் பிரித்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு முதுகு முழுக்க நனைந்துவிட்டது. விரல் விலகியதும் அவர் குனிந்து லேபிளின் கீழ் வரியைப் படித்தார். நிதானமாகப் படித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடி லேபிளைப் பார்த்தார்.

மேசையிலிருந்து கத்தரியை எடுத்தார். அதுதான் பயமாக இருந்தது.

கிளம்பி நின்ற ஓரத்தைக் கத்தரியால் நறுக்கினார். அதில்தான் என் பெயர் பாதி போனது. நறுக்கிய இடத்துக்கு நேர் எதிரே ஒரு துண்டு டேப் ஒட்டினார்.

"அது எதுக்கு?"

"லாரி சக்கரத்துல ஈயத்துண்டு அடிக்காங்கல்லா, அது மாதிரி. எடை ஒரு பக்கமா சாஞ்சிருந்தா சுத்தும்போது ஆடும்."

மஞ்சள் பூத்த ஒரு பழைய கம்ப்யூட்டர். டிரைவ் சிடியை விழுங்கி, யோசித்து, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. திரையில் ஒரு நீலக் கோடு. பத்து சதவீதம். பதினைந்து. வெளியே லாரி போகும்போதெல்லாம் மேசை அதிர்ந்தது, கோடு நின்றது. அவர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். நீக்கியவனும் நீக்கப்பட்டவனும் ஆளுக்கொரு பக்கம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அறுபத்தொன்றில் கோடு நின்றது. லாரி எதுவும் இல்லை. ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். டிரைவுக்குள் ஏதோ தொண்டையைச் செருமியது. மணி மூன்றரை.

"அண்ணாச்சி" என்றேன். "அந்த ஒம்பது காரணமும் நான் எழுதினதுதான்."

"தெரியும். அதான் போட்டிருக்கே, போன் நம்பரோட." கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "நான் பேனா பேரச் சொன்னா வெளம்பரம். இவிய மருமக கல்யாணத்துல நம்பர் அடிச்சி விட்டா வடிவமைப்பு. ஆங்?"

நான் மேசையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டு வரைக்கும் நான் ஒண்ணும் நெனைக்கல" என்றார். "ஒம்பதாவதுதான். எங்க ஊர் பேரு என்னய்யா பண்ணிச்சு?"

கோடு அசைந்தது. அறுபத்திரண்டு.

தொண்ணூற்று நான்கில் மறுபடி நின்றது. இந்த முறை அசையவே இல்லை. வந்தவரைக்கும் போதும் என்று எடுத்து ஓட்டிப் பார்த்தார். அக்கா மகள் தலைகுனிந்தாள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். முதல் முடிச்சு, இரண்டாவது, மூன்றாவது. அட்சதை காற்றில் எழும்பி, விழாமல் அப்படியே நின்றுவிட்டது.

"தாலி ஏறிட்டுல்லா" என்றார் அவர். "போதும்."

புதுச் சிடியில் எழுதிக் கொடுக்கும்போது பேனாவை எடுத்தார். அதே கம்பெனி. பொண்ணு பேரென்ன, மாப்பிள்ளை பேரென்ன, என்னைக்குக் கல்யாணம், எந்த மண்டபம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மூடியைப் போட்டுவிட்டுப் பேனாவை என் முன்னால் நீட்டினார்.

"இது நல்லாருக்கும்னு இப்ப சொல்லலாமா அண்ணாச்சி? இல்ல, வெளம்பரமாயிருமா?"

இரண்டு பேனா வாங்கினேன்.

ரயில் கிளம்ப ஆறு நிமிஷம் இருக்கும்போது பிளாட்பாரத்தில் ஓடினேன். ஜன்னல் வழியாகச் சிடியை வாங்கிய மருமகள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லேபிள் எங்க மாமா?" என்றாள். வழியனுப்ப வந்திருந்த அக்கா, "அது இல்லாததே நல்லது, வாய மூடு ஏட்டி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மன்றத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கயத்தாறுக் கடை, பேனாவின் பெயர், அக்கா பட்ட வேதனை எல்லாம் இருந்தது. முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் பதிவைக் காணோம். நிர்வாகி தகவல் அனுப்பியிருந்தார்: 'கடை முகவரி, பொருளின் பெயர், குடும்பக் கண்ணீர். தாங்களே சொல்லும் விதிகளின்படி நீக்கப்பட்டது.' தொடர்ந்து நாலு நாள் கடிதம் எழுதிக் கெஞ்சியபிறகுதான் கயத்தாறுக்காரரைத் திரும்பச் சேர்த்தார்கள். அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

ரயில் போன மறுநாள் மதியம் சங்கத்துக்கே போன் வந்தது.

"கெடச்சிருச்சி மாமா!"

நாற்காலியில் உட்கார்ந்தேன். "சிடி ஓடிச்சா?" என்று கேட்டேன். குமாஸ்தா புத்தி.

"போடவே இல்ல மாமா. கவுண்டர்ல இருந்த அந்தம்மா கையில வாங்கி, மேல எழுதியிருந்த தேதியப் படிச்சாங்க. சர்ட்டிபிகேட்ல உள்ளதோட ஒத்துப் பாத்துட்டுத் திருப்பித் தந்துட்டாங்க."

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த பந்தி சிடியை எடுத்து லேபிளைப் பார்த்தேன். குத்துவிளக்கு இருந்தது. ரோஜா இருந்தது. நாலு வரி வாழ்த்து இருந்தது. தொலைபேசி எண் இருந்தது. தேதி இல்லை.