வடக்கே ஒரு புற்றுக்கு ஊற்றிய பால்

மூன்றாவது முறையும் அதே முறிந்த மரத்துக்கே வந்து சேர்ந்தபோது, என் கணவர் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். பெற்றோல் முள் கீழே கிடந்தது. போத்தலில் மிஞ்சிய தண்ணீரை மகள் வாணிக்கு என்று வைத்திருந்தோம். இங்கே சிட்னியில், டூங்கபியில் வெள்ளிதோறும் என்னோடு பசனை பாடும் உங்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அன்று நாங்கள் உயிரோடு திரும்புவோம் என்று நான் நம்பவில்லை.

எழுபத்தைந்தில் வடக்கே போனோம். இவர் கணக்கு வாத்தியார். சிட்னியில் கிடைக்காத வேலை டார்வினுக்குத் தெற்கே ஒரு காட்டுப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. தகரக் கூரை வீடு, சுற்றிவரச் செம்மண். கோயில் இல்லை, தமிழ்ச் சனம் இல்லை. முதல் மாதம் முழுக்க அழுதேன். ஒரு நாள் துணி காயப்போடப் போனபோதுதான் வீட்டுக்குப் பின்னால் அதைக் கண்டேன். என்னைவிட உயரமான புற்று. புற்றைக் கண்டால் யாழ்ப்பாணத்தாள் சும்மா வருவாளா? மஞ்சள் பூசி, பால்மாவைக் கரைத்து ஊற்றி, நாகதம்பிரானே, எங்களைச் சிட்னிக்குக் கொண்டுபோய் விடு என்று கும்பிட்டேன். அதற்குள் பாம்பு இல்லை, வெறும் கறையான்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். இவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஊற்றினேன்.

வாணிக்கு அப்போது எட்டு வயது. அவள் கும்பிட வரவில்லை, பார்க்க வந்தாள். புற்று ஏன் நிறுத்திவைத்த பலகை மாதிரித் தட்டையாக இருக்கிறது? காலை வெயில் ஒரு முகத்திலும் பின்னேர வெயில் மறுமுகத்திலும் ஏன் படுகிறது? கேட்டுக் கேட்டு, தகப்பனின் திசைகாட்டியையும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். புற்றின் ஒடுங்கிய விளிம்புகள் சரியாக வடக்கும் தெற்கும் காட்டி நின்றன. அவளோடு சேர்ந்து நானும் பார்க்கத் தொடங்கினேன். என் அழுகை நின்றது அப்படித்தான். எந்தப் பறவை எப்போது வருகிறது என்று இவரும் குசினிச் சுவரில் எழுதிவைக்கத் தொடங்கிவிட்டார்.

சரஸ்வதி பூசைக்குத் தாமரை வேண்டும் என்று கேட்டது நான்தான். பெருந்தெருவுக்கு மேற்கே ஒரு குளத்தில் பூக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். பூவும் பறித்தோம். திரும்பும்போது தடம் புல்லுக்குள் மறைந்துபோயிற்று. வானம் முழுக்க மேகம். சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. திசைகாட்டியும் வீட்டில் கிடந்தது.

முறிந்த மரத்தடியில் கண்ணை மூடி, வீட்டுக்குக் கொண்டுபோய் விடு அப்பனே என்று கேட்டேன். மனதில் சிட்னி வரவில்லை. அந்தத் தகரக் கூரையும் கொடியில் காயவிட்டுவந்த இவருடைய சாரமும்தான் வந்தன. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அம்மா, கண்ணைத் திறவுங்கோ. இஞ்சை எல்லாம் எங்கட புற்று மாதிரியே சேம் வே நிக்குது” என்றாள் வாணி.

பார்த்தோம். புல்வெளி நிறையத் தட்டைப் புற்றுகள். எல்லாவற்றின் விளிம்பும் வடக்குத் தெற்காக. இவர் துள்ளி எழும்பினார். பெருந்தெருவும் வடக்குத் தெற்காகத்தான் ஓடுகிறது. புற்றுகளுக்குக் குறுக்கே நேராகப் போனால் இனிச் சுற்றமாட்டோம். ஆனால் எது கிழக்கு? இரண்டு முகமும் ஒரே மாதிரி இருந்தன. பிழையான பக்கம் போனால் முதலை கிடக்கும் ஆறு. திரும்பிவரப் பெற்றோல் காணாது.

“நீர் சொல்லும்” என்றார் இவர். கல்யாணம் முடித்த நாளிலிருந்து என்னிடம் வழி கேட்டது அதுதான் முதல் தடவை.

பறித்த தாமரையை ஒரு புற்றடியில் வைத்தேன். மூன்று முறை வலம்வந்தேன். வந்து நின்றபோது முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஏன் அந்த இடத்தில் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கார் தார்த் தெருவில் ஏறிய பிறகுதான் பெற்றோல் தீர்ந்தது. இரண்டில் ஒன்று சரிவரத்தானே வேண்டும் என்று கணக்கு வாத்தியார் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பால்மாவை அவரே கரைத்துத் தந்தார்.

நான் முன்பு கேட்ட மாற்றமும் பிறகு கிடைத்தது. டூங்கபிக்கு வந்தோம். தந்தவனுக்குக் கோடி நன்றி. ஆனால் வரும் தை மாதம் திரும்பவும் வடக்கே போகிறோம். இம்முறை நாங்களாகவே கேட்டு வாங்கிய இடம்.

உங்களுக்கும் வழி தெரியாத நாள் வரும். நம்பிக் கும்பிடுங்கள், அவன் கைவிடமாட்டான். கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து சுற்றிவரப் பாருங்கள். நேற்றுப் பெட்டி அடுக்கத் தொடங்கினோம். முதலில் உள்ளே போனது பால்மாத் தகரப்பேணி. வைத்தது வாணி.