எங்கள் தெருவுக்குத் தேனீ வந்த கதை

மணமேல்குடிக்கு மாற்றலாகி வந்த வருடம், எங்கள் தெருவின் வேலிகளெல்லாம் பூசணிப் பூவாக இருந்தன. ஆனால் பிஞ்சுகள் நெல்லிக்காய் அளவு வந்ததும் வெம்பி உதிர்ந்தன. பள்ளியில் நான் தாவரவியல் நடத்துகிறேன் என்று தெரிந்து பெண்கள் காரணம் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொடியருகே அவர்களைக் கூட்டி ஆண் பூவையும் பெண் பூவையும் காட்டினேன்.

"இந்த மகரந்தத்தை அந்தப் பூவுல கொண்டுபோய்ச் சேர்க்கத் தேனீ வேணும். நம்ம தெருவுல ஒண்ணையும் காணோம்."

"அப்ப மாப்பிள்ளை, பொண்ணு ரெண்டும் இருந்தும் தரகர் இல்லைங்கிறீங்க," என்றாள் ஒருத்தி. சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

நான் ஒரு திட்டம் சொன்னேன்: வீட்டுக்கு வீடு ஒரு மூலையில் துளசி, சாமந்தி, சூரியகாந்தி வைப்பது. தும்பையைப் பிடுங்காமல் விடுவது. பூ விரிந்திருக்கும்போது மருந்து அடிக்காமல் இருப்பது. எல்லோரும் சம்மதித்தார்கள், எதிர்வீட்டு அக்காவைத் தவிர.

"சின்ன வயசுல கொட்டி மூஞ்சியே வீங்கிப்போச்சு எனக்கு. என் பிள்ளைகளைக் கொட்டுனா நீங்களா டீச்சர் பாப்பீங்க?"

"கூட்டுப் பக்கம் போகாம இருந்தாப் போதும்க்கா. பூவுல இருக்கிற தேனீயை நாம சீண்டலைன்னா அது பாட்டுக்குப் போயிரும்."

அவர் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார். மறுவாரம் நான் கன்றுகள் பங்கிட்டபோது வந்து ஒரு சூரியகாந்திக் கன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். "தேனீக்கு இல்ல, அழகுக்கு."

அது பூத்த சில நாட்களில் காலையில் எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம். கொட்டிவிட்டது என்று பதறி ஓடினேன். தன் இரண்டு பிள்ளைகளையும் கை விரித்து மறித்தபடி நின்றிருந்தார் அக்கா.

"அங்கிட்டுப் போகாதீங்கடா, சாப்பிட்டுக்கிட்டு இருக்குதுக!"

பூவின் நடுவே நாலைந்து தேனீக்கள். என் கையைப் பிடித்து இழுத்தார். "டீச்சர், கால்ல மஞ்சளா மூட்டை கட்டிக்கிட்டுப் போகுது பாருங்க!" அவர் கண் விரிந்த அந்த விரிவை நான் வகுப்பில்கூட அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் பருவத்தில் பூசணி காய்த்தது. சமைத்து மாளவில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் விதை கேட்டு வந்தார்கள். நான் பேசலாமென்று தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"காலையில அதுகளுக்கு டிபன் நேரம். அப்பப் போயி மருந்தடிக்கிறது, சாப்பிடுறவங்க எலையில மண்ணள்ளிப் போடுற மாதிரி."

இப்படிச் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்திலிருந்த பெண் என் காதருகே குனிந்து கேட்டாள்: "இவங்க எந்த ஸ்கூல் டீச்சருங்க?"