பொன்னொளி ஓவியமும் தகனினி வீடும்

காலைத் தூறலில் ஒனிஹங்கா நிலையத்திலிருந்து ரயில் ஏறினோம். உடன் வந்தவர்கள் கோகுலனும் அவர் மனைவி சுகந்தியும். யாழ்ப்பாணத்தவர்கள், ஆக்லாந்தில் நான் தங்கியிருந்தது அவர்களுடைய வாடகை வீட்டில். கோயம்புத்தூரில் ஓவிய வரலாறு கற்பிக்கிற என்னை நகரத்து ஓவியக்கூடத்துக்கு அழைத்துப்போவது தங்கள் கடமை என்று நினைத்தார்கள். மறுநாள் தகனினி என்ற புறநகரில் ஒரு புது வீட்டுக்கு அவர்கள் கையெழுத்திட வேண்டும்.

ஓவியக்கூடத்தில், பதினேழாம் நூற்றாண்டு ரோமானிய நிலக்காட்சி ஓவியம் ஒன்றின் முன் சுகந்தி நின்றுவிட்டார். இடப்பக்கம் பெரிய மரம், இடிந்த கோயில், ஆறு, மாலைப் பொன்னொளி, குழலூதும் இடையர்கள்.

"ஒருத்தரும் வேலை செய்யேல்லையே அண்ணை. இந்தக் காணி ஆரின்ரை?"

என் மாணவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. இப்படிப்பட்ட ஓவியங்களை வாங்கியவர்களில் பலர் கர்தினால்களும் பிரபுக்களும். அங்கே நிலம் வைத்திருந்தவர்களும் அவர்களே என்றேன். ஓவியர்கள் வெளியே போய் மரங்களை வரைந்துவந்து, அறைக்குள் உட்கார்ந்து வேண்டியதை மட்டும் படத்தில் அடுக்கினார்கள். உண்மையில் ரோமைச் சுற்றிய அந்தச் சமவெளியில் மலேரியா இருந்தது. மலையிலிருந்து அறுவடைக்கு இறங்கிய கூலிகள் காய்ச்சலில் செத்தார்கள்.

சுகந்தி கணவரைப் பார்த்தார். தகனினி வீட்டையும் அவர்கள் விளம்பரப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். இன்றே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். கோகுலனுக்கு விருப்பமில்லை. ஆனாலும் வீடு திரும்பிக் காரை எடுத்தார்.

தகனினி நகரத்துக்குத் தெற்கே சுமார் முப்பது கிலோமீட்டர். விளம்பரப் படத்தில் ஓடையாக இருந்தது மழைநீர்க் கால்வாய். மரங்கள் முழங்கால் உயரம். அடுத்த தெருவில் கார் கழுவிக்கொண்டிருந்த திருச்சிக்காரர் ஒருவரிடம் சுகந்தி விசாரித்தார். வீட்டில் குறையில்லை என்றார் அவர், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வேலைக்குப் போய்வர மோட்டர்வே டிராஃபிக்கிலயே பொழுது போயிடுதுங்க. நான் வர்றப்போ பாப்பா தூங்கிடுது."

சுகந்தி நகர மருத்துவமனையில் தாதி. அவர்களுடைய மகளுக்கு மூன்று வயது.

திரும்பும் வழியில் அவர் ஒன்று மட்டும் சொன்னார்: "நான் நாளைக்குக் கையெழுத்து வைக்கேல்லை." கோகுலன் காரின் வேகத்தைக் கூட்டினார். மறுநாள் கையெழுத்து நடக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விமான நிலையத்தில் என் பெட்டியை இறக்கிவைத்தார் கோகுலன்.

"நீங்கள் வராட்டி வீடு வாங்கியிருப்பம், அண்ணை."

குறையாகச் சொன்னாரா நன்றியாகச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. அவர் கையைப் பற்றிவிட்டு உள்ளே நடந்தேன்.