ஐம்பது பெட்டிக்குச் சாமான் வாங்கிய கதை

புதுக் கருவிக்குச் சாமான் வாங்கும் வேலையில், தொண்ணூற்றொன்பது உருப்படி வந்து சேர்ந்தாலும் வராத ஒன்றைப் பற்றித்தான் எல்லாரும் விசாரிப்பார்கள். இதே வேலையில் அவதிப்படும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் எங்கள் சின்னக் கம்பெனி, விசைப்படகு கடல் எல்லைக் கோட்டை நெருங்கினால் கத்தும் பெட்டி ஒன்றைச் செய்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்குள் ஐம்பது பெட்டி ஜெகதாப்பட்டினம் போய்ச் சேர வேண்டும். இருந்தது இரண்டே மாதம்.

இருபத்தாறு வாரம்

பெட்டியை வடிவமைத்த பிரகாஷ், படகு இருக்கும் இடத்தைக் காட்டும் சிப் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தான். கேட்டால் எல்லா ஊரிலும் இருபத்தாறு வாரம் ஆகும் என்றார்கள். வேறு சிப் போடச் சொன்னேன், முறைத்தான்.

நானும் விடவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனி தன் கருவி ஒன்றை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டு, மிச்சச் சரக்கு இருக்கிறதா என்று விசாரித்தேன். இருந்தது. ஒரிஜினல்தான் என்று பில், லேபிள் எல்லாம் பார்த்து உறுதி செய்துகொண்டு வாங்கினேன். பிரகாஷ் பார்சலைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இனிமே ஒங்கள்ட்ட கேட்டுட்டுத்தாங்க்கா டிசைனே போடுவேன்."

பிரித்துப் பார்த்த பாக்கெட்

எங்கள் ஸ்டோர் செல்வி, திருவரங்குளம் பக்கம் விவசாயக் குடும்பம். மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. சிப்புகள் காற்றுப் புகாத பாக்கெட்டில் வந்தன. அத்தனையையும் பிரித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டிருந்தார். அன்றைக்கு மழை வேறு.

ஈரம் ஏறிய சிப்பைச் சூடாக்கிப் போர்டில் பற்றவைத்தால் உள்ளே விரிசல் விடும். பிரகாஷிடம் ஓடினேன். சிறு சூட்டில் ஒரு நாள் முழுக்க வைத்து ஈரத்தை எடுக்கலாம் என்று வழி சொன்னான், ஒன்றுகூடப் பழுதாகவில்லை. செல்வி பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "நனைஞ்ச நெல்லக் காயப்போடுற மாதிரித்தானங்க. பிரிக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்ல" என்றார்.

ஏழு பஸ்ஸர்

மாதிரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜெகதாப்பட்டினம் போனோம். படகு உரிமையாளர் காதர் பாய். போன வருடம் இருட்டில் கோடு தெரியாமல் தாண்டியதில் அவர் தம்பி பிடிபட்டு, பல மாதம் கழித்துத்தான் வீடு திரும்பினார். பாய் எஞ்சினை ஓடவிட்டார். எங்கள் பெட்டி கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஆபீசில் நன்றாகக் கேட்டதே என்றேன்.

"ஆபீசுல எஞ்சின் ஏதும்மா?" என்றார்.

தடைக்காலம் முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சத்தம் போடும் பஸ்ஸரில் ஏழு விதம் வாங்கி மறுபடி படகுக்குப் போனேன். பாய் திடுக்கிட்டுத் திரும்பியது ஒன்றுக்குத்தான். லாரி ரிவர்ஸில் வரும்போது கத்துமே, அது. மழைக்கும் அசையாது. லாரிச் சாமானா என்று பிரகாஷ் முகம் சுளித்தான். செய்கிறவர்களையே நேரில் பிடித்து ஐம்பது வாங்கிவிட்டேன். ஐம்பது பெட்டியும் நாள் தவறாமல் படகேறின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் வாரம் பாய் போன் செய்தார். தம்பிதான் படகை ஓட்டினாராம், பெட்டி கத்தியதும் திருப்பிவிட்டாராம். "மீனு கொஞ்சந்தாம்மா. போன அஞ்சு பேரும் வந்துட்டோம்."

பெட்டி கத்தினால் அதைச் செய்தவன் கெட்டிக்காரன், கத்தாவிட்டால் சாமான் வாங்கியவள் சரியில்லை என்பதுதான் எங்கள் தொழிலில் நடைமுறை என்பதால், ஐம்பதையும் நானே செய்ததாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.