வஞ்சிரம் என்று ஒரு ஃபைல்

என் கணவருக்குச் சுத்தம் செய்வது ஒரு வியாதி. செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் வீட்டைத் துடைப்பார், வண்டியைத் துடைப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை துடைக்க வேறெதுவும் கிடைக்காமல் என் லேப்டாப்பைத் துடைத்துவிட்டார். இப்போது சிரிக்க முடிகிறது. அன்று அவரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

நான் அப்போது சிதம்பரத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு. யார் பெயரும் வெளியே வரக்கூடாது என்பதால், அவர்கள் பேசிய பதிவுகளுக்கு அவரவர் விற்கும் மீனின் பெயரையே வைத்திருந்தேன். நெத்திலி, சங்கரா, காரப்பொடி, வஞ்சிரம்.

"சமையல் வீடியோன்னு நெனச்சேன். எடம் இல்ல எடம் இல்லன்னு நீதான கத்துன?" என்றார்.

"தொறந்து பாத்தா கொறஞ்சா போயிடுவீங்க மாமா?"

அந்தப் பதிவுகள் ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. ஷிஃப்டை அழுத்தி அடியோடு அழித்திருந்தார். அதோடு விட்டாரா? காலியான இடத்தில் பெரிய சினிமாப் படம் ஒன்றை இறக்கி வைத்திருந்தார். முதுநகர் கம்ப்யூட்டர் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே படம் ஏறிவிட்டதால் இனி மீட்க முடியாது என்று உதட்டைப் பிதுக்கினார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள் என்று கைடு சொன்னபோதெல்லாம் மண்டையை மட்டும் ஆட்டியிருந்தேன். போனில் இருந்த பதிவுகளை இடம் போதாமல் நானே அழித்திருந்தேன்.

மற்றவர்கள் கேட்டால் இன்னொரு முறை சந்தோஷமாகப் பேசுவார்கள். வஞ்சிரம் விற்கும் அக்கா பேசமாட்டார். சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர். "ஒரு தடவதான் சொல்லுவேன், அப்பறம் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று வாயையே திறந்தார். என் ஆய்வு அந்தப் பேச்சின் மேல்தான் நின்றது. ஆனாலும் அவரை மறுபடி அந்த நாளுக்கு இழுத்துப்போக எனக்கு மனம் வரவில்லை.

போனேன். அக்கா வீட்டு வாசலில் மீன் சுமக்கும் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

"நீங்க திரும்பச் சொல்ல வேணாம்க்கா. அந்தப் பகுதிய எடுத்துடறேன். உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "அந்தப் போன எடுத்துனு வா" என்று மருமகளைக் கூப்பிட்டார்.

அன்று நான் பதிவு செய்தபோது, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மருமகளும் தன் போனில் பதிவு செய்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. போட்டுக் காட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் இருந்தது. அப்பாடா என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடனே எனக்கும் அனுப்பினாள்.

"ஒரு தடவதான் சொல்லுவேன்னு சொன்னனே, மறந்துட்டியா?" என்றார் அக்கா. "இப்பல்லாம் யாராச்சும் வந்து கேட்டா, இதப் போட்டு உட்டுட்டு நான் வேலயப் பாக்கப் போயிடுவேன்."

கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் ரெண்டு எடத்துல வச்சிக்கம்மா. இது போச்சின்னா மறுபடியும் நான்தான சொல்லணும்?"