தாய்மாமன் சபையில் சொன்ன பொய்

என் கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கிவிடுகின்றன. தப்பைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

வடமதுரைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தோட்டம். கத்தரி, சின்ன வெங்காயம், கிணற்று மேட்டில் கொஞ்சம் கனகாம்பரம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டேன். கூடப் பிறந்தது ஒரே அக்கா. அவளைத் திண்டுக்கல்லில் கொடுத்திருந்தது. மச்சானுக்கு அங்கே வெங்காயக் கமிஷன் கடை. அவர் கடைக்குள் பேசினால் வெளியே நிற்கும் வண்டி மாடு திரும்பிப் பார்க்கும். சிறுவயதிலிருந்தே அவரைக் கண்டால் எனக்குப் பயம்.

அக்காவுக்கு ஒரே மகள். எங்கள் வழக்கத்தில் அக்காள் மகள் தாய்மாமனுக்கு உரிமைப் பெண். மாமன்காரன் சபையில் வாய்விட்டு "வேண்டாம்" என்று சொன்ன பிறகுதான் வேறு யாரும் அவளைப் பெண் கேட்டு வர முடியும். அவள் வயதுக்கு வந்தபோது தென்னங்கீற்று வெட்டிக் குச்சு கட்டியது நான். சீர்த்தட்டோடு போனதும் நான். அன்றைக்கே சொந்தக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை. எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். நான் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை. அவளைக் கட்டிக்கொள்வது என்று நினைக்கவே எனக்குக் கூசியது. ஆனால் கூசுகிறது என்று சபையில் எப்படிச் சொல்வது?

1957 கோடையில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தது. பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதல். தலைமை ஆசிரியை வீடு தேடி வந்து, மதுரையில் பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் அவருக்குக் காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பினார். அவர் தெருவைத் தாண்டியதும் ஆத்தூருக்கும் அய்யலூருக்கும் ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து ஆவணியில் முகூர்த்தம் குறிக்க வேண்டும் என்று தகவல்.

வெள்ளிக்கிழமை நான் வண்டியில் வெங்காய மூட்டை கொண்டு போனேன். மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக் கொல்லையில் கை கழுவப் போனேன். அவள் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, செத்த நேரம் நில்லுங்க. ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"என்னைய எதுக்குக் கேப்பாக?"

"ஒங்களத்தான் கேப்பாக. ஒங்க வாயிலதான் இருக்கு."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "வேணாம்னு சொல்லிர்றேன் தாயி. நீ போய்ப் படி."

அவள் சோப்பு நுரைக் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தீங்க போங்க. மாமங்காரனே வேணாம்னுட்டானே, பிள்ளகிட்ட என்ன கொறைன்னு ஊரு கேக்கும். அப்பா அந்த ரோசத்துல அடுத்த மாசமே எவனையாச்சும் பிடிச்சுக் கட்டி வச்சிருவாரு."

"பெறகு என்னதான் சொல்லச் சொல்றே?"

"கட்டிக்கிறேன்னு சொல்லுங்க. படிச்சு முடிக்கட்டும், காத்திருக்கேன்னு சொல்லுங்க. உரிமைக்காரன் காத்திருக்கான்னா எவனும் வாசப்படி ஏற முடியாது."

"எம்புட்டு வருசம்?"

"நாலு."

"நாலு வருசம் முடிஞ்சதும்?"

அவள் வாளியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை ஊற்றினாள். சபையில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் முதலாகப் பேசுவது பொய்யா?

"எனக்குப் பயமா இருக்கு தாயி."

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள். ஏற்கனவே பிழிந்து வைத்த துணியை எடுத்து மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிலிருந்து விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கறிச்சோறு ஆனதும் வெற்றிலைத் தட்டு நடுவில் வந்தது. அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரம் செய்யும் பெரியவர், மச்சானுக்குப் பெரியப்பா முறை, அவர்தான் பேச்சை எடுத்தார்.

"சொல்லப்பா, ஆவணி முதல் முகூர்த்தமா, ரெண்டாவதா?"

வேட்டி முனையை விரலில் சுற்றிக்கொண்டே, "படிச்சு முடிக்கட்டும். நான் காத்திருக்கேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன். கூட "எனக்குப் படிச்ச பொண்ணு வேணும்" என்றும் சேர்த்துவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

சபையில் சிரிப்பு எழுந்தது.

"ஏலே, அஞ்சாப்புக்காரனுக்குக் காலேசுப் பொண்ணு கேக்குதோ" என்றார் ஆட்டு வியாபாரி. "குட்டிய இங்க பேசி முடிச்சிட்டு, மதுரக்காரன் பட்டியில கட்டி வளக்கப் போறேங்கிறான் பாரு."

"கத்தரிக்காய்க்கு இங்கிலீசுல தண்ணி பாய்ச்சணும்ல" என்றார் ஆத்தூர்க்காரர் ஒருவர்.

மச்சான் சிரிக்கவில்லை. "மாப்ளே, இது ஒன் பேச்சு இல்ல. யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்த்தால் மாட்டிக்கொள்வாள். அதனால் தரையைப் பார்த்துக்கொண்டே, "யாரும் சொல்லல மச்சான். என் உரிமைதான?" என்றேன்.

வழக்கத்தை மீறி அவராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சரி. கொண்டு போய்ச் சேக்குறதும் நீ, கூட்டிட்டு வாரதும் நீ. அவளப் பத்தி ஒரு சொல்லு ஊருக்குள்ள வந்துச்சு, அன்னைக்கோட படிப்பு முடிஞ்சுது. ஒன்னையும் சும்மா விட மாட்டேன்" என்றார்.

கல்லூரியில் சேர்க்கப் போன அன்று மதுரை ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து என் சட்டை நனைந்தே இருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது மை கொட்டிவிட்டது. விடுதியைப் பார்த்துக்கொண்ட வார்டன் அம்மா வேறு தாள் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் அதை வாங்கவில்லை.

"போன வருஷம் மூணு பேரைப் பாதியில கல்யாணம்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த மூணு இடத்துல வேற மூணு பொண்ணு படிச்சிருக்கும். நீங்களும் அப்படி வந்து நிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்" என்றேன். நான் சத்தமாகச் சொன்ன வார்த்தை அந்த நாளில் அது ஒன்றுதான். அவள் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். அவள் காதுக்குப் பின்னால் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் நான் நிம்மதியாகத் தூங்கியதாக நினைவில்லை. லீவுக்குக் கூட்டிவரும்போது ரயிலில் யாராவது எங்களை உற்றுப் பார்த்தால் எனக்கு வேர்க்கும். தபால்காரர் தோட்டத்துப் பக்கம் வந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்புக்கு ஓடுவேன். அவள் பரீட்சையில் தோற்றுவிட்டால் என்ன, காய்ச்சல் வந்தால் என்ன, யாராவது ஏதாவது பேசிவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றாக நினைப்பு வரும். சந்தையில் என்னைப் பார்த்தால், "என்னப்பா, ஒன் பொண்டாட்டி எத்தனாங் கிளாசு?" என்று கேட்பார்கள். கத்தரிக்கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

மூன்றாம் வருஷம் நான் பயந்தது நடந்தது. மதுரைக்குப் போய்வந்த ஒருவர், அவளைச் சினிமாக் கொட்டகை வாசலில் பார்த்ததாக மச்சானின் கடையில் வந்து சொல்லிவிட்டார். கூட நாலைந்து பெண்கள் இருந்ததை அவர் சொல்லவில்லை. மச்சான் எனக்கு ஆள் அனுப்பினார். போனபோது கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"இப்பவே ரயிலேறு. பெட்டி படுக்கையோட கூட்டிட்டு வா."

நான் ரயிலேறினேன். அவரிடம் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. விடுதி வாசலுக்குப் போய் நின்றேன். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பெயரைச் சொல்லி அனுப்பினால் அவள் வருவாள், நான் சொன்னால் பெட்டியையும் எடுப்பாள். பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. உள்ளே மாடியில் பெண்கள் நடந்துகொண்டே படிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவள் குரல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன், பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சும்மா வந்தேன்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன். போகிற வழியில் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது.

மச்சானிடம் போய், "நான்தான் சினிமாவுக்குப் போகச் சொன்னேன். கட்டிக்கப் போறவன் சொல்லித்தான் போச்சு" என்றேன்.

நான் அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. அது அவருக்கும் தெரியும். கையில் இருந்த தராசுத் தட்டை என் காலடியில் விட்டெறிந்தார். அதற்கு மேல் அவர் செய்யவும் எதுவும் இல்லை. உரிமைக்காரனே சொல்லிப் போனாள் என்றால் அது பழி ஆகாது. அந்தத் தட்டு உருண்டு சுற்றிய சத்தம் என் காதை விட்டுப் போக நாளாயிற்று.

1961இல் அவள் பி.ஏ. தேறினாள். கணக்குப் பாடம். சென்னையில் எம்.ஏ. படிக்க இடம் கிடைக்கும் போலிருக்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதினாள். கடைசி வரியில், "மாமா, இனி உங்களைக் காக்கவைக்க எனக்கு மனசு இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் சரி" என்று இருந்தது. மச்சானும் சொந்தக்காரர்களைக் கூட்டிவிட்டார். இந்த முறை தேதி குறித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று எல்லாருமே சொன்னார்கள்.

நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். அவள் எனக்குப் பிள்ளை மாதிரி, கட்டிக்கொள்ள முடியாது, அவள் மேல் ஒரு குறையும் இல்லை. இந்த மூன்றையும் வண்டியில் வரும்போது மாட்டிடம் சொல்லிப் பார்த்திருந்தேன். சபையில் எழுந்து, "எனக்கு இந்தக் கல்யாணம்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் மச்சான் எழுந்துவிட்டார்.

"நாலு வருசம் எம் பிள்ளைய நிறுத்தி வச்சிட்டு இப்ப என்னடா இழுக்குற?"

அடிக்கக் கையை ஓங்கினார். முன்பு மாப்பிள்ளை என்றவர் டா போட்டுவிட்டார். அந்தக் கையைப் பார்த்ததும் நான் தயார் செய்தது எல்லாம் போய்விட்டது. என் வாய் தானாகப் பேசியது.

"எனக்கு ஒடம்பு சரியில்ல மச்சான். கல்யாணம் பண்ணிக்கிற ஒடம்பு இல்ல. டாக்டர் சொல்லிட்டாரு."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. அக்கா வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஆட்டு வியாபாரி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். பெண் மேல் ஒரு சொல் விழவில்லை. எல்லாம் என் மேல் விழுந்தது. இருபத்தொரு வயதில் பி.ஏ. படித்த பெண்ணைக் கேட்க எங்கள் சொந்தத்தில் யாருக்கும் துணிச்சலும் இல்லை. மச்சான் ஒடிந்துபோய், "அவ இஷ்டப்படி படிக்கட்டும்" என்றார். அவள் சென்னைக்குப் போனாள். இப்போது ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள்.

அவளுக்காக நான் என் வாழ்க்கையை விட்டுக்கொடுத்ததாக அவள் நினைக்கிறாள். அடிக்குப் பயந்து சொன்ன பொய் அது. அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. எனக்கு ஒரு நோயும் கிடையாது. அதற்குப் பிறகு யாரும் எனக்குப் பெண் தர வரவில்லை. அக்கா மட்டும் மாதாமாதம் பழனிப் பக்கத்து வைத்தியரிடம் லேகியம் வாங்கிக் கொடுத்தனுப்புகிறாள். ஏழு வருஷமாக அதைத் தின்றுகொண்டிருக்கிறேன். கசப்பு தாங்காது. கொட்டவும் மனசு வராது.

போன வாரம் திண்டுக்கல் போயிருந்தேன். அடுத்த வீட்டில் இருக்கும் மச்சானின் தம்பி மகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்திருக்கிறது. நல்ல மார்க்கு. இப்போது மதுரைக்குக்கூடப் போக வேண்டாம், திண்டுக்கல்லிலேயே பெண்களுக்குக் கல்லூரி வந்துவிட்டது. சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சு வந்தது. பிள்ளையின் அப்பா வேண்டாம் என்றார். மச்சானும் வேண்டாம் என்றார். என் அக்காவே சொன்னாள்:

"ஒருத்தி படிக்கப் போயி, காத்திருந்து காத்திருந்துதான எந் தம்பிக்கு ஒடம்பு கெட்டுச்சு. அவனுக்கு ஒரு குடும்பம் உண்டா, குட்டி உண்டா? இன்னொரு வீட்டுலயும் அது நடக்கணுமா?"

அந்தப் பிள்ளை வெஞ்சனக் கிண்ணத்தோடு எனக்குப் பக்கத்தில்தான் நின்றது. எனக்குப் பரிமாறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தது. ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்கும். பாதிச் சோற்றில் எழுந்தேன். கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். விண்ணப்பம் கொடுக்க இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.

ஆகவே அக்கா, மச்சான், இதைக் கேளுங்கள். படிப்பால் என் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. காத்திருந்ததாலும் ஆகவில்லை. நான் திடமாக இருக்கிறேன், நேற்றும் இருபது மூட்டை தூக்கினேன். மச்சான், அன்றைக்கு உங்கள் கையைப் பார்த்துப் பயந்து பொய் சொன்னேன். இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பொய்யைக் காட்டி இந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. மச்சானுக்குக் கண் சரியில்லை. எது வந்தாலும் உரக்கப் படித்துக் காட்ட அவர்கள் கூப்பிடுவது அந்தப் பிள்ளையைத்தான். அதன் கையிலேயே கொடுத்துவிட்டு, அது படித்து முடிக்கும் வரை நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

1968ஆம் வருஷம், வைகாசி 22.