பட்டி வாசலில் வேப்பிலை

என் கையெழுத்துக் கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

வைகாசி மாதம். முதல்நாள் பெய்த மழையில் வாவியிலிருந்து பனிமூட்டம்போலப் புகார் எழும்பி என் மாட்டுப்பட்டியை மூடியிருந்தது. கொம்புகள் மட்டும் மிதந்தன. கிட்டப் போனேன். செம்மறை நாம்பன், என் இளங்காளை, நூல் நூலாக எச்சில் வடித்துக்கொண்டு, முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. கால்-வாய் நோயோ? பட்டிவிட்டுப் பட்டி தொத்துகிற நோய் அது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாம்பன்களை ஏற்ற அன்றுதான் ஏறாவூர் வியாபாரி, நான் காக்கா என்று கூப்பிடும் பெரியவர், வருவதாக இருந்தது. பக்கத்துப் பட்டிக்காரரும் தினமும் என் வேலி ஓரமாகத்தான் மாடுகளை மடுவுக்கு ஓட்டிப் போவார். அவருடைய பட்டி நிறையப் பால்குடிக் கன்றுகள்.

மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். "வாறன். ஒண்டையும் வெளிய விடாதீங்க, ஆரையும் உள்ள எடுக்காதீங்க."

ஆட்களை மறித்துச் சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை சோறு கேட்கத் தெரியாதவன் நான். அம்மை கண்ட வீட்டில் கட்டுவதுபோல வேப்பங்கொத்து ஒடித்துப் பட்டி வாசலின் கடப்பில் கட்டிவிட்டு, மாடுகளுக்குள் ஒதுங்கி நின்றேன்.

வியாபாரி லொறியால் இறங்கினார்.

"என்ன மனே, ஊட்ட ஆருக்கு அம்மாள்?"

கையால் நாம்பனைக் காட்டினேன்.

"மாட்டுக்கா? அப்ப பாய் விரிச்சுப் படுக்க வைக்கல்லியா?"

சிரித்தபடி கடப்புத் தடியை உருவக் கை வைத்தார். அப்பால் புகாருக்குள் பக்கத்துப் பட்டியின் மணிச்சத்தம் நெருங்கி வந்தது.

"வராதீங்க காக்கா! தொத்து வருத்தம்! அண்ணன், மாட்டைத் திருப்புங்க!"

யாரோ கத்தியதுபோல இருந்தது. என் குரல்தான். மணிச்சத்தம் நின்றது. பிறகு மெல்ல விலகிப் போனது.

"உனக்குக் குரல் இருக்காடா!" என்றது புகார், அண்ணனின் குரலில்.

வியாபாரி வெறும் லொறியோடு போனார். வைத்தியர் வந்து நாம்பனின் வாயைத் துடைத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நானும் மாடுகளும் வேலியைத் தாண்டவில்லை. கொக்குகள் மாட்டு முதுகில் வந்திருந்து பறந்தன. வாவி வெளுத்தது, சிவந்தது. எது எந்த நாள் என்று தெரியவில்லை. பெருநாளும் போய்விட்டது.

நோய்தான். பட்டிக்குத் தடை போட்டார்கள். என் கன்றுகள் இரண்டு செத்தன. நாம்பன்கள் தேறின, வாங்க ஆளில்லை. பக்கத்துப் பட்டியில் ஒரு கன்றுக்கும் ஒன்றுமில்லை.

தடை எடுத்தும் அந்தக் கொத்தை நான் அவிழ்க்கவில்லை. நேற்றுப் பக்கத்துப் பட்டிக்காரர் தயிர்ச் சட்டியோடு வந்து, காய்ந்த இலைக்கு வெளியே நின்றார்.

"வரலாமா?"

"வாங்க அண்ணன்" என்றேன், வாவி வரைக்கும் கேட்க.

ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை.